எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாச்சா? சாப்பிடும் விதத்தை இப்போதே மாற்ற ஆரம்பியுங்கள்

எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. டாக்டர் தேதி கொடுத்த நாளுக்கும் தியேட்டருக்குள் போன நாளுக்கும் நடுவில் பதினொரு வாரம் கிடைத்தது, அந்தப் பதினொரு வாரத்தில் பழகிக்கொண்டதுதான் இன்று வரைக்கும் கைகொடுக்கிறது. அதனால் என்ன செய்தேன், எந்த வரிசையில் செய்தேன், எங்கே தப்பு செய்தேன் என்று முழுசாக எழுதுகிறேன். தேதி வாங்கிவிட்டுப் பயத்தோடு உட்கார்ந்திருப்பவர்களும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் சேர்ந்து படியுங்கள்.

வயிற்றுக்குள் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தால்தான் இப்போது செய்கிற பயிற்சிக்கு அர்த்தம் புரியும். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு நீளக் குழாய், ஆரம்பத்தில் 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும், ஒரு சின்ன காபி டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுக்கிற அந்தப் பகுதியில்தான் பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது, அதனால் முதல் சில மாதங்களுக்குப் பலருக்குப் பசி ரொம்பக் குறைந்துவிடும். எடைக் குறைப்பில் இன்னொரு வகை ஆபரேஷன் பைபாஸ், அதில் இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள்.

டாக்டர் மாற்றுவது வயிற்றை மட்டும்தான். வேகமாகப் பிசைந்து வாயில் போடுகிற கை, ரெண்டு தடவை மென்றுவிட்டு விழுங்குகிற வாய், டிவி போட்டதும் முறுக்கு டப்பாவைத் தேடுகிற மனசு எல்லாம் அப்படியேதான் வீட்டுக்குத் திரும்பி வரும். தையல் போட்ட வயிற்றை வைத்துக்கொண்டு இதையெல்லாம் புதிதாகப் பழகுவது வேதனை. பெரிய வயிறு இருக்கும்போதே பழகினால் ஒருநாள் தவறினாலும் ஆபத்து கிடையாது, மறுநாள் திருத்திக்கொள்ளலாம். அதனால் எதைச் சாப்பிடுவது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், எப்படிச் சாப்பிடுவது என்பதில் ஆரம்பிப்போம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். சாப்பிட்ட நேரம், என்ன, எவ்வளவு, உட்கார்ந்து சாப்பிட்டீர்களா நின்றுகொண்டா, அப்போது பசித்ததா இல்லையா. இவ்வளவுதான். யாருக்கும் காட்டப் போவதில்லை என்று நினைத்து உண்மையை எழுதுங்கள், அப்புறம் மனசு வந்தால் டயட்டீஷியனிடம் காட்டலாம்.

என் நோட்டில் ஏழு நாள் முடிந்ததும் பார்த்தால், மூன்று வேளைச் சாப்பாடு நான் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் நடுவில் போனது. பையன் மிச்சம் வைத்த அரைத் தோசை, குழம்பில் உப்பு பார்க்கிறேன் என்று உள்ளங்கையில் விட்டு மூன்று தடவை, நாலு மணிக் காபியோடு ஒரு பிடி மிக்சர், டப்பாவை மூடுகிற நேரத்தில் இன்னொரு பிடி, ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது சட்டியில் ஒட்டியிருந்த சாதம். இதில் பாதிக்கு மேல் "பசி இல்லை" என்று நானே எழுதியிருந்தேன். நின்றுகொண்டு சாப்பிட்டதை மட்டும் நிறுத்தினாலே எவ்வளவு குறையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, இரண்டாவது வாரத்தில் வீட்டில் நான் போட்ட ஒரே விதி அதுதான்: எதுவானாலும் தட்டில் எடுத்து, உட்கார்ந்து.

நோட்டில் இன்னொன்றும் தெரியவரலாம். சண்டை போட்ட நாளில், தனியாக இருந்த நாளில், தூக்கம் கெட்ட ராத்திரியில் மட்டும் கை நிறுத்தாமல் போயிருக்கும். வயிறு வலிக்கிற அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் கவரைக் குப்பையில் போடுகிற பழக்கம் இருந்தால் அதை ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்லிவிடுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் இதற்காகவே ஒரு சந்திப்பு வைத்திருப்பார்கள். சொன்னால் ஆபரேஷனை ரத்து பண்ணிவிடுவார்களோ என்று நிறையப் பேர் மறைக்கிறார்கள். அது சிகிச்சை உள்ள பிரச்சினை, வெட்கப்பட ஒன்றுமே இல்லை. கவனிக்காமல் விட்டால்தான் ஆபரேஷனுக்கு அப்புறமும் அது கூடவே வரும்.

மென்று சாப்பிடப் பழகுவது

சின்ன வேலை மாதிரி தெரியும். எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு இட்லியை எடுங்கள். டீ ஸ்பூனால் நாலாக வெட்டி, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக வெட்டினால் எட்டுத் துண்டு. ஒரு துண்டை வாயில் போட்டதும் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிடுங்கள், கையிலேயே இருந்தால் வாயில் இருப்பது முடிவதற்குள் அடுத்த துண்டு அதில் ஏறியிருக்கும். இருபது, இருபத்தைந்து தடவை மெல்லுங்கள். இட்லி மென்மையானது என்பதால் பத்தாவது தடவையிலேயே கரைந்து தொண்டைப் பக்கம் ஓடப் பார்க்கும், நாக்கை வைத்துத் தடுத்து முன்னால் கொண்டுவந்து மறுபடி மெல்ல வேண்டும். முழுக்கக் கூழான பிறகு விழுங்குங்கள், ஒரு மூச்சு விடுங்கள், அப்புறம் அடுத்த துண்டு.

முதல் நாள் மொபைலில் டைமர் போட்டுவிட்டு வழக்கம்போலச் சாப்பிட்டுப் பாருங்கள். எனக்கு மூன்று இட்லி நாலு நிமிஷத்தில் முடிந்தது. இலக்கு இருபது நிமிஷம், அதிகபட்சம் முப்பது. முப்பதைத் தாண்டி இழுத்தால் கொறிக்கிற பழக்கமாக மாறிவிடும், அதுவும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாலு நிமிஷம் கூட்டிக்கொண்டே போனால் தானாக வந்துவிடும்.

சோறு சாப்பிடும்போது இன்னொரு சிக்கல். நாம் கையால் பிசைந்து உருட்டிப் போடுவதால் கவளம் எவ்வளவு பெரிது என்றே தெரிவதில்லை. நெல்லிக்காய் அளவில் உருட்டுகிற கையைச் சுண்டைக்காய் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்குக் கை கேட்கவே இல்லை, அதனால் ஆறு வாரம் எல்லாவற்றையும் டீ ஸ்பூனால்தான் சாப்பிட்டேன். ரசம் சாதம், மோர் சாதம் இரண்டையும் தனியாகக் கவனியுங்கள். அவை மெல்லாமலே இறங்குகிற சாப்பாடு, குழைத்துப் பிசைந்துவிட்டால் பல்லுக்கு வேலையே இல்லை. அந்த வாரங்களில் ரசத்தைச் சாதத்தில் விடாமல், பதினோரு மணிக்கு டம்ளரில் தனியாகக் குடித்தேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் சரியாக மெல்லாமல் விழுங்கினால் என்ன ஆகும் என்றால், நெஞ்சுக்கு நடுவில் கல் மாதிரி அடைக்கும், வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறும், வாந்தி எடுத்தால்தான் நிற்கும். எனக்கு அது ஒரே ஒரு தடவை நடந்தது, ஐந்தாவது மாதம், ஒரு துண்டு கோழிக்கறியை அவசரமாக விழுங்கியபோது. அந்த இருபது நிமிஷத்தை மறக்க முடியாது.

தண்ணீரையும் சாப்பாட்டையும் பிரிப்பது

தட்டுக்குப் பக்கத்தில் சொம்பு வைத்து, விக்கலுக்கும் காரத்துக்கும் இரண்டு வாய் குடித்துக் குடித்துச் சாப்பிட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொம்பை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். சாப்பிட ஆரம்பிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் குடிப்பதை நிறுத்தி, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி குடிக்க வேண்டும். சின்ன வயிற்றில் சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்தால் இடம் போதாமல் வலிக்கும், வாந்தி வரும். சாப்பாட்டைத் தண்ணீர் சீக்கிரம் கீழே தள்ளிவிடுவதால் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி எதையாவது தேடவும் வைக்கும்.

காரம் குறைத்துச் சமைத்தால் இது சுலபம். தண்ணீர் கேட்பது பெரும்பாலும் மிளகாய்தான்.

அதே சமயம் நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஆபரேஷன் ஆன புதிதில் ஒரே மூச்சில் டம்ளர் தண்ணீர் குடிக்கவே முடியாது, வாய் வாயாகத்தான். இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற சின்ன அளவு மூடி இருக்கிறதல்லவா, அந்த மாதிரி 30 மில்லி கொள்ளும் கப் ஒன்று மருந்துக் கடையில் வாங்குங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு கப். மணிக்கு 120 மில்லி, பன்னிரண்டு மணி நேரத்தில் 1,440 மில்லி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இப்படிக் குடித்துப் பாருங்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நர்ஸ் அந்தக் கப்பை நீட்டும்போது புதிதாக இருக்காது. ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சோடாவும் வேண்டாம், கோலி சோடா, பன்னீர் சோடா, பொவண்டோ எல்லாவற்றையும் இப்போதே விட்டுவிடுங்கள்.

தட்டில் வரிசையை மாற்றுவது

நம் சாப்பாட்டில் சோறுதான் நடுவில், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. இதைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் புரதம், அடுத்து காய், வயிற்றில் இடம் இருந்தால் சோறு. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு நாளைக்குப் பொதுவாக 60 முதல் 80 கிராம் புரதம் சாப்பிடச் சொல்வார்கள், உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டயட்டீஷியன் சொல்வார். அது குறைந்தால் தசை கரையும், உடம்பு அசதியாகும், மூன்றாம் நாலாம் மாதத்தில் முடி கொட்டுவதும் கூடுதலாகும்.

60 கிராம் என்றால் எவ்வளவு என்று அடுக்களைக் கணக்கில் பார்ப்போம். சைவம் என்றால், 200 மில்லி பால் இரண்டு டம்ளர் சேர்ந்து 13 கிராம், பெரிய கிண்ணம் தயிர் 7, பனீர் 75 கிராமில் 13, உலர்ந்த கொண்டைக்கடலை 40 கிராம் ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 8, 30 கிராம் பருப்பில் 7, சோயா உருண்டை 25 கிராமில் 12. கூட்டினால் 60. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் லேசு, ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் மீனில் 20 வாக்கில் கிடைத்துவிடும். இதோடு ஒப்பிட்டால் மூன்று இட்லியில் கிடைப்பது ஆறு கிராம் வாக்கில்தான். காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை என்று இருக்கிற வீட்டில் வயிறு நிறைந்திருக்கும், புரதம் பாதிகூட வந்திருக்காது. நான் அப்படித்தான் நாற்பது வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் எல்லாரும்தான்.

நடைமுறையில் நான் செய்தது: காலையில் இட்லியை ஒன்றாகக் குறைத்து அவித்த முட்டை இரண்டு, மத்தியானம் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணமும் மீனோ பனீரோ முதலில் சாப்பிட்டுவிட்டு, பொரியலை முடித்துவிட்டு, கடைசியில் ஒரு குழிக்கரண்டி சோறு. சாயங்காலம் மிக்சர் இடத்துக்குச் சுண்டல் வந்தது. தட்டையும் மாற்றினேன், பெரிய எவர்சில்வர் தட்டு பரணுக்குப் போயிற்று, டிபன் தட்டு வந்தது.

இன்னொரு வகைச் சாப்பாட்டைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாயில் போட்டதும் கரைகிற பொருள்கள்: பிஸ்கெட், மிக்சர், முறுக்கு, ஐஸ்கிரீம், ஸ்வீட், பாக்கெட் ஜூஸ். இவை சின்ன வயிற்றிலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அரை இட்லியில் நிறைந்துவிடுகிற வயிற்றில்கூட ஒரு பாக்கெட் பிஸ்கெட் மெதுமெதுவாக உள்ளே போகும். ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் எடை திரும்ப ஏறுகிறவர்களிடம் கேட்டால் பல நேரம் இதுதான் காரணமாக இருக்கும். எங்கள் மதுரையில் ஜிகர்தண்டாவைக் குளிர்ச்சி என்று சொல்லிக் குடிப்போம், பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்தது, ஒரு டம்ளரும் சிரமமே இல்லாமல் இறங்கும். பைபாஸ் செய்துகொள்பவர்களுக்கு இனிப்பு இன்னொரு விதத்திலும் ஆகாது. சர்க்கரை வேகமாகச் சிறுகுடலுக்குள் போனால் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரும். டம்பிங் என்று சொல்வார்கள்.

பரோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி பதினொரு மணிக்கும் சூடாகக் கிடைக்கிற ஊரில் இருக்கிறேன், எனக்கு அது வெறும் சாப்பாடு கிடையாது, கல்யாணமான புதிதில் நானும் அவரும் வெளியே போனாலே அங்கேதான். மைதா மாவு மெல்லும்போது உருண்டையாகத் திரளும், குறுகின வயிற்றில் அடைக்கும். வாரம் மூன்று தடவை என்பதை ஒன்றாக்கி, அப்புறம் நேரத்தை எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவந்து, பிறகு நிறுத்தினேன். ஒரே நாளில் விட்டிருந்தால் என்னால் முடிந்திருக்காது. காபி சர்க்கரையும் அப்படித்தான், இரண்டு ஸ்பூன் ஒன்றரை ஆகி, ஒன்றாகி, ஐந்து வாரத்தில் சர்க்கரையே இல்லாமல் குடிக்க வந்தது. சாப்பிட்ட உடனே காபி, டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ள விடாது.

சிகரெட், மது இரண்டும் முழுக்க நிற்க வேண்டும். குறைந்தது ஆறு வாரம் முன்னால் சிகரெட்டை விடச் சொல்வார்கள், புகை பிடித்தால் தையல் ஆறாது, புண் வரும். இதில் பேரம் கிடையாது.

"கடைசியாக ஒரு தடவை" விருந்து

தேதி நெருங்க நெருங்க, இனிமேல் சாப்பிட முடியாதே என்று மனசு கிடந்து தவிக்கும். வீட்டுக்காரர்களும் பாவம் பார்த்து, பிடித்ததையெல்லாம் வாங்கிக் கொடுப்பார்கள். நானும் பிரியாணி, அல்வா, பரோட்டா, அம்மா செய்கிற அதிரசம் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். இரண்டு நாள் அதன்படி நடந்தது, இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறியது, மனசும் நிறையவில்லை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இந்தச் சாப்பாடு எதுவும் உலகத்தைவிட்டுப் போய்விடப் போவதில்லை. மூன்று வருஷம் கழித்து இன்றைக்கு நான் பிரியாணி சாப்பிடுகிறேன், கறி இரண்டு துண்டு, சோறு நாலு ஸ்பூன், நன்றாக மென்று. ருசி முன்னைவிடத் தெரிகிறது.

விருந்து வேண்டாம் என்பதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது, அது கல்லீரல்.

கடைசி இரண்டு வாரம்

கல்லீரலின் இடது பக்கம் இரைப்பைக்கு மேலே கவிந்து இருக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் சின்ன ஓட்டை வழியாகக் கருவியை விட்டு, கல்லீரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் டாக்டர் இரைப்பையைத் தொட முடியும். உடல் பருமன் உள்ள பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து வீங்கிக் கனமாக இருக்கும், தூக்கும்போது கிழிந்து ரத்தம் வரும் அபாயம் உண்டு. மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால், கல்லீரல் சேர்த்து வைத்திருக்கிற கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பையும் அதோடு கட்டுண்ட நீரையும் கொழுப்பையும் உடம்பு செலவழிக்கும், கல்லீரல் சுருங்கும். இதற்காகத்தான் ஆபரேஷனுக்கு முன்னால் பொதுவாக இரண்டு வாரம், ஒரு நாளைக்கு 800 முதல் 1,200 கலோரிக்குள், புரதம் அதிகமாகவும் மாவுச்சத்து குறைவாகவும் ஒரு டயட் தருகிறார்கள். சில இடங்களில் முழுக்கத் திரவமாகவே கொடுப்பார்கள். உங்களுக்குத் தரும் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம், என்னுடையதைப் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டாம்.

எனக்குக் கிடைத்தது இப்படி இருந்தது: காலையில் ஆடை எடுத்த பாலில் புரோட்டீன் பவுடர், பதினோரு மணிக்கு நீர்மோர், மத்தியானம் முட்டையும் அவித்த காயும் ஒரு டம்ளர் ரசமும், நாலு மணிக்கு மறுபடி பவுடர், ராத்திரி கோழி சூப்பும் கீரையும். சோறு, இட்லி, சப்பாத்தி, பழம், சர்க்கரை எதுவும் கிடையாது. முதல் மூன்று நாள் தலைவலி, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கோபம். நாலாவது நாள் பசி அடங்கிவிட்டது, நிஜமாகவே. வாய் நாற்றம் வரும், உடம்பு கொழுப்பை எரிப்பதால் வருவது அது. மலச்சிக்கலும் வரும், தண்ணீரைக் குறைக்காதீர்கள். முதல் மூன்று நாள் சனி, ஞாயிறு, லீவு நாளில் வருகிற மாதிரி பார்த்து ஆரம்பித்தால் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் தாங்கும்.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எனக்குச் சுகர் உண்டு. டயட்டை இரண்டு நாள் முன்கூட்டியே நானே ஆரம்பித்துவிட்டேன், சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லதுதானே என்று. மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன். இரண்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு அடுப்படியில் நிற்கும்போது கை நடுங்கியது, கழுத்தெல்லாம் வியர்த்தது, கண் இருட்டியது. பையன்தான் மெஷினை எடுத்துவந்து விரலில் குத்தினான். 58. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தான், கால் மணி நேரத்தில் தெளிந்தேன். மாவுச்சத்தைக் குறைக்கும்போது இன்சுலினும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகளும் அதே அளவில் தொடர்ந்தால் சுகர் இப்படித்தான் திடீரென்று இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று கிளிஃப்ளோசினில் முடிகிற மாத்திரைகள் இன்னொரு மாதிரி ஆபத்து. சாப்பாடு ரொம்பக் குறையும்போது, சுகர் அளவு சாதாரணமாக இருந்தாலும் ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடக்கூடும், அதனால் ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னாலேயே இதை நிறுத்தச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். டயட் ஆரம்பிக்கிற தேதியை டாக்டரிடம் சொல்லி, எந்த மாத்திரை எந்த நாளிலிருந்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நீங்களாக முன்கூட்டி ஆரம்பிக்கவும் வேண்டாம்.

வீட்டில் பேசுவது

"சோத்தை வீணாக்காதே" என்று சொல்லி வளர்த்த வீடு நம்முடையது. தட்டில் மிச்சம் வைப்பது பாவம், கேட்டுக் கேட்டுப் பரிமாறுவது பாசம். என் அம்மாவுக்கு நான் "போதும்மா" என்று சொன்னால் அது அவர் சமையலைக் குறை சொல்கிற மாதிரி இருந்தது. "என்னடி, பிடிக்கலையா?" என்று முகம் வாடிப்போகும். ஒருநாள் உட்கார வைத்து அந்தக் காபி டம்ளரைக் கையில் கொடுத்து, "இனிமே என் வயிறு இவ்வளவுதாம்மா" என்று காட்டினேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து பருப்பைக் கெட்டியாக எடுத்து எனக்குத் தனியாக வைக்க ஆரம்பித்தவர் அவர்தான்.

ஆகவே சமைக்கிறவரையும் பரிமாறுகிறவரையும் ஒரு தடவையாவது டயட்டீஷியனிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பத்துத் தடவை சொல்வதை அவர் ஒரு தடவை சொன்னால் போதும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் விழுந்த பிறகு "வேண்டாம்" என்றால் வீணாகும், கரண்டி வருவதற்கு முன்னாலேயே இலையைக் கையால் மறைத்துக் காட்டப் பழகுங்கள். தட்டில் மிச்சம் வைக்கக் கஷ்டமாக இருந்தால் முதலிலேயே குறைத்துப் போட்டுக்கொள்வதுதான் வழி. போதும் என்று வயிறு சொல்கிற அடையாளத்தையும் இப்போதே தேடிப் பாருங்கள். சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்குத் தும்மல், மூக்கில் நீர், நெஞ்சுக்குக் கீழே ஒரு சின்ன அழுத்தம். ஆபரேஷனுக்கு அப்புறம் அதற்கு மேல் ஒரு ஸ்பூன் போட்டாலும் வலிதான்.

வாங்கி வைக்க வேண்டியவை

பெரிதாக ஒன்றும் இல்லை. டீ ஸ்பூன்கள், 100 மில்லி அளவில் இரண்டு சின்னக் கிண்ணம், அடுக்களைத் தராசு, ஓடுகிற நிலையில் ஒரு மிக்சி. ஆபரேஷன் முடிந்து சுமார் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் அரைத்த கூழ், அப்புறம் மென்மையான சாப்பாடு என்று போய், ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் வழக்கமான சாப்பாட்டுக்கு வருவீர்கள், மிக்சிக்கு அதுவரை வேலை இருக்கும். புரோட்டீன் பவுடரைப் பெரிய டப்பாவாக வாங்கிக் குவிக்காதீர்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் நாக்கு ருசி மாறும், முன்னால் பிடித்த சாக்லேட் வாசனை அப்புறம் குமட்டலாம். சின்ன பாக்கெட்டுகளாக மூன்று நாலு ருசியில் வாங்கிப் பாருங்கள், ருசி சேர்க்காதது ஒன்று இருந்தால் ரசத்திலும் சூப்பிலும் ஆறிய பிறகு கலக்கலாம், கொதிக்கும்போது போட்டால் கட்டி தட்டிவிடும்.

ரத்தப் பரிசோதனையில் பி12, டி வைட்டமின், இரும்பு எல்லாம் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் இப்போதே மாத்திரை ஆரம்பித்துச் சரிசெய்துகொள்வது நல்லது, அப்புறம் உடம்பு எடுத்துக்கொள்வது குறையும். ஆபரேஷனுக்குப் பிறகு வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, அதனால் தினம் ஒரே நேரத்தில் போடுகிற பழக்கத்தையும் சேர்த்து ஆரம்பியுங்கள். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். நான் காலையில் பல் தேய்க்கிற இடத்தில் ஒரு டப்பா, ராத்திரி படுக்கை ஓரத்தில் ஒரு டப்பா என்று வைத்தேன், இன்றும் அங்கேயேதான் இருக்கின்றன.

முந்தின நாள் எத்தனை மணி வரைக்கும் என்ன குடிக்கலாம், எதற்குப் பிறகு சொட்டுத் தண்ணீரும் கூடாது, காலையில் எந்த மாத்திரையை ஒரு வாய் தண்ணீரோடு போடலாம் என்பதை ஆஸ்பத்திரியில் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பழக்க தோஷத்தில் விடியற்காலையில் காபி போட்டுக் கொடுத்துவிடக்கூடிய ஆள் யாராவது வீட்டில் இருப்பார்கள், அவருக்கும் அது கண்ணில் பட வேண்டும். பையில் துணிமணியோடு அந்த 30 மில்லி கப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.